கண்வலிக்கிழங்கு போட எந்தக் காடு நல்லது? மூன்று இடம் இருக்கிறது, குழப்பமாக இருக்கிறது

முதல்கிழங்கு — செப்டம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். மூலனூருக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று துண்டு நிலம் இருக்கிறது. அடுத்த ஆடியில் முதல் முறையாகக் கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்) போட நினைக்கிறோம். எதில் போடுவது என்று வீட்டிலேயே ஒத்துவரவில்லை.

முதலாவது மேட்டுக்காடு, ஒன்றரை ஏக்கர். சரளை கலந்த செம்மண். மழையை நம்பி நிலக்கடலை போட்டுவந்தோம். இரண்டடிக்குக் கீழே வெள்ளையாகச் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) வருகிறது. இரண்டாவது கொறங்காடு, நான்கு ஏக்கர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும். ஆடு மேய்கிறது. தாத்தா காலத்திலிருந்து உழவே இல்லை. மூன்றாவது கிணற்றடிக் காடு, இரண்டு ஏக்கர். மண் கொஞ்சம் கருமை கலந்தது. பத்து வருடமாகத் தக்காளி, கத்தரி, மிளகாய். சொட்டுநீர்க் குழாய் ஏற்கெனவே ஓடியிருக்கிறது.

அப்பா கிணற்றடிக் காடுதான் என்கிறார். தண்ணீர் பக்கத்தில், ஆள் நடமாட்டமும் இருக்கிறது என்பது அவர் கணக்கு. எனக்கு மேட்டுக்காட்டில் போடத் தோன்றுகிறது, செம்மண் என்பதால். ஏக்கருக்கு 800 கிலோ கிழங்கு வேண்டும் என்கிறார்கள். பந்தல் செலவும் சேர்ந்தால் எங்களுக்கு அது பெரிய பணம். இடத்தில் தவறு செய்துவிடக் கூடாது என்பதுதான் பயம்.

ஆடிக்காற்று — செப்டம்பர் 9

தம்பி, கிழங்கு வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். பெரும்பாலும் கிழங்கு அழுகிய பிறகுதான் கேட்கிறார்கள்.

எனக்கு இந்தப் பயிரில் இது பதினாறாவது வருடம். ஐந்தாவது வருடம் பக்கத்துக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்தேன். பார்க்க அவ்வளவு அழகான செம்மண். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். மண் பரிசோதனைச் சீட்டிலும் எல்லாம் சரியாக இருந்தது. ஆவணி, புரட்டாசி வரை கொடி பந்தல் நிறைய ஏறி, பூவும் நன்றாக எடுத்தது. ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கீழ்ப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. ஒரு வாரத்தில் கொடி அடியிலிருந்து மஞ்சளாகிச் சாய்ந்தது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு கஞ்சி மாதிரி, கையில் எடுக்க முடியாத நாற்றம். அதே காட்டில், அதே கிழங்கு, மேல் பகுதியில் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. வருடக்கணக்கில் ரோட்டவேட்டர் ஓட்டி ஓட்டி, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண் தட்டுப் போல இறுகிக் கிடந்தது. மேலே எவ்வளவு நல்ல மண் இருந்தாலும் தண்ணீர் அந்தத் தட்டில் வந்து நின்றுவிடும். கிழங்கு இருப்பதும் அதே ஆழத்தில்தான். அந்தத் தட்டை உடைக்க, ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் நான் குழி தோண்டியே பார்க்கவில்லையே.

அதிலிருந்து நான் ஒன்று வைத்திருக்கிறேன்: ஐப்பசி மழையில் பார்க்காத காட்டில் கிழங்கு வைப்பதில்லை. செம்மண்ணா கருமண்ணா என்பது அதற்குப் பிறகு. மழை பெய்த மறுநாள் காலையில் அந்தக் காட்டில் நடந்து போனால் செருப்பில் எவ்வளவு ஒட்டுகிறது, எங்கே குளம் நிற்கிறது, அது எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பாருங்கள். உங்களுக்கு இன்னும் ஒரு மழைக்காலம் கையில் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

மண்கண்டம் — செப்டம்பர் 10

நான் மண்ணியல் படிக்கிறேன். அண்ணா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை என்று பார்த்தால், வடிகால் வசதியுள்ள செம்மண் அல்லது மணல் கலந்த வண்டல், பி.எச். (மண்ணின் அமில, கார அளவு) 6 முதல் 7 வரை, ஆண்டு மழை சுமார் 70 செ.மீ. மண் கெட்டியாக இருக்கக் கூடாது. இதை வைத்து வரைபடத்தில் பார்த்தால் தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் எல்லாமே பொருந்துவது போலத் தெரியும். உண்மையாகவே அந்தப் பகுதிகளில்தான் அதிகம் போடுகிறார்கள். ஆனால் வட்டார அளவில் சரியாக இருப்பது உங்கள் காட்டுக்குள் சரியாக இருக்கும் என்பதில்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு பெரும்பாலும் 30 மீட்டர் கட்டங்களாக இருக்கும். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 22 சென்ட். அந்த 22 சென்டுக்கும் சேர்த்து ஒரே உயரம்தான் காட்டும். அண்ணாவின் கிழங்கை அழுக வைத்த பள்ளம் அதில் தெரியவே தெரியாது. வரைபடத்தை ஊரைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தலாம். காட்டுக்குள் எந்த மூலை என்பதற்கு மண்வெட்டிதான்.

மண்வள அட்டைக்கு மாதிரி எடுப்பது மேல் 15 செ.மீ. மண்ணில். இந்தப் பயிருக்கு அது போதாது. 0–15, 15–30, 30–60 செ.மீ. என்று மூன்று ஆழத்திலும் தனித்தனியாக எடுங்கள்.

அப்புறம், அந்தச் சுக்கான். செம்மண் என்றாலே அமிலத்தன்மை கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். கோவை, திருப்பூர் பக்கத்துச் செம்மண்ணில் இரண்டு வகை உண்டு. இருகூர் மண் தொடர் போன்ற சுண்ணாம்பு இல்லாத செம்மண் ஒன்று, சுண்ணாம்பு கலந்த செம்மண் இன்னொன்று. நிறத்தை வைத்துப் பிரிப்பது கடினம். இரண்டாவது வகையில் பி.எச். 8-ஐத் தாண்டும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். காய்ந்த மண் கட்டியில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. நுரைக்கவில்லை என்றால் முழுதாக நம்பாமல் ஆய்வுக்கூடத்திலும் கொடுங்கள், வினிகர் வீரியம் குறைந்த அமிலம்தான்.

நாவற்பழம் — செப்டம்பர் 10

எனக்கு ஒரு சந்தேகம். சங்கப் பாடல்களில் காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூவாகத்தானே வருகிறது? மலைச்சரிவில் வளர்வதைக் கொண்டுவந்து சமவெளியில் போடுவது சரியா?

மண்கண்டம் — செப்டம்பர் 10

நல்ல கேள்வி. மலைச்சாரலிலும் வளர்கிறது, வேதாரண்யம் பக்கம் கடலோர மணற்காட்டிலும் வளர்கிறது. உயரத்திலும் மழையிலும் இரண்டு இடத்துக்கும் எவ்வளவோ வித்தியாசம். பொதுவாக இருப்பது, இரண்டிலும் தண்ணீர் நிற்காது. சரிவில் ஓடிவிடும், மணலில் இறங்கிவிடும். பிடித்து ஏறப் புதர் வேண்டும் என்பது இன்னொன்று. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடிக்கும் கொடி அது.

ஜெயங்கொண்டம்காரன் — செப்டம்பர் 11

எங்கள் பக்கமும் போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் உங்களைவிட எங்களுக்கு மழை அதிகம், அதனால் இடம் பார்ப்பதும் வேறு மாதிரி. நாங்கள் சரிவைத்தான் முதலில் பார்ப்போம். வடிகால் வாய்க்கால் வெட்டினால் அந்தத் தண்ணீர் எங்கே போய் விழும்? பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் விழுந்தால் அதுவே தகராறு. நில அளவைப் புலப்படத்தை வைத்துக்கொண்டு ஓடை எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். நடும் பாரை (மண் மேட்டு வரிசையை) உயரமாகப் போடுவோம். உங்கள் பக்கம் அவ்வளவு தேவைப்படாது, ஆனால் ஒரு பெருமழை போதும்.

கிளுவைவேலி — செப்டம்பர் 12

எல்லோரும் மண்ணையே பேசுகிறீர்கள். நான் மண்ணுக்கு மேலே இருப்பதைச் சொல்கிறேன்.

முதலில் காற்று. ஆடியில் கிழங்கு வைத்தால் கொடி எழுந்து வரும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முழு வேகத்தில் இருக்கும். இந்தப் பகுதியில் இத்தனை காற்றாலை நிற்பதே அதற்காகத்தானே. கொடியின் நுனி ரொம்ப மென்மை. அது ஒடிந்துவிட்டால் அந்தக் கிழங்கில் அந்த வருடம் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்காட்டில் மேற்குப் பக்கம் ஏதாவது மறைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் யோசியுங்கள். என் காட்டில் மேற்கு வேலியை ஒட்டிய வரிசைகள்தான் ஒவ்வொரு வருடமும் நன்றாக வருகின்றன. வேலியே காற்றை உடைத்துவிடுகிறது.

இரண்டாவது ஆள். விதைக்காகத்தான் இந்தப் பயிர். கீல்வாத மருந்தான கால்ச்சிசின் விதையிலிருந்துதான் எடுக்கிறார்கள். காந்தள் பூவில் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத்தைவிட்டுப் பக்கவாட்டில் விலகி நிற்கும். அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. தினமும் விடிகாலையிலிருந்து பூ பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். பூ எடுக்கும் காலம் முழுவதும் ஒரு நாள் விடாமல் இது நடக்கும். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, பாதை இல்லாத காட்டுக்கு எந்தப் பெண்பிள்ளை விடியற்காலையில் வருவாள்? எங்கள் சித்தி வீட்டில் அருமையான மண் இருந்தும் இதனாலேயே விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது, ஆடு. இந்தச் செடியில் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று மனிதர்களே இறந்திருக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தின் ஒரு மூலையில் போடுவதானால் நடுவே ஆடு நுழையாத வேலி கண்டிப்பாக வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டியும் வேண்டாம். நடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

ஆடிக்காற்று — செப்டம்பர் 12

அக்கா சொன்ன காற்று விஷயத்தை நான் விட்டுவிட்டேன், ரொம்ப முக்கியம்.

தம்பி, கிணற்றடிக் காடு பற்றி எனக்கு ஒரு உறுத்தல். பத்து வருடம் தக்காளியும் கத்தரியும் போட்ட மண் என்கிறீர்கள். பழைய தக்காளிச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. இன்னொன்றும் பாருங்கள்: தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு மாதிரி பழுப்பு முத்துக்கள் இருக்கிறதா? அந்தப் பூஞ்சணம் தக்காளி, நிலக்கடலை, கண்வலிக்கிழங்கு எல்லாவற்றையும் அழிக்கும். அந்த முத்துக்கள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணப் பயிர் என்றால் ஒரு போகத்தோடு மாற்றிவிடலாம். இது ஐந்தாறு வருடம் ஒரே இடத்தில் இருக்கப் போகிற கிழங்கு. நோய் உள்ள மண்ணில் வைத்தால் வருடா வருடம் மருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேலியில் தானாக முளைத்த காந்தள் கொடி எங்கேயாவது இருக்கிறதா?

முதல்கிழங்கு — செப்டம்பர் 15

எல்லோருக்கும் நன்றி. பார்த்தவரை எழுதுகிறேன்.

தக்காளிச் செடி பத்துப் பிடுங்கினோம். ஏழில் முடிச்சு. கடுகு முத்து இரண்டு செடியில் இருந்தது. அப்பா இதுவரை அதைக் குப்பை என்று நினைத்திருந்தாராம். ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேட்டுக்காட்டு மேல் மண்ணில் வினிகர் ஊற்றினால் லேசாக நுரைக்கிறது. சுக்கானில் ஊற்றினால் பொங்குகிறது. மேற்கே மறைப்பே இல்லை, திறந்த வெளி.

கொறங்காட்டு மண் நுரைக்கவில்லை. கிழக்கு வேலியில் காந்தள் கொடி இருக்கிறது. அம்மாவுக்கு இவ்வளவு நாளும் தெரிந்திருக்கிறது, "கார்த்திகைப்பூ வருசா வருசம் பூக்குதே, யாரு கேட்டீங்க?" என்கிறார். அப்படியானால் அந்த இடம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மண்கண்டம் — செப்டம்பர் 15

நல்ல அடையாளம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வேலியின் அடியில் மண் குவிந்து வரப்புப் போல உயர்ந்திருக்கும், சருகு மக்கியிருக்கும், நிழலும் உண்டு. வேலியில் கொடி நன்றாக இருந்து, பத்தடி உள்ளே பாறை இருக்கலாம். வேலியிலிருந்து உள்ளே போகப் போக மூன்று நான்கு இடத்தில் குழி எடுங்கள்.

குழியிலேயே ஒரு சோதனையும் செய்துவிடலாம். ஓரடி அகலம், இரண்டடி ஆழம். தண்ணீர் நிரப்பி முழுதாக இறங்க விடுங்கள். மறுநாள் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் போட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளங்கள். முதல் நாள் கணக்கு உதவாது, காய்ந்த மண் எப்படியும் குடிக்கும். மறுநாள் மணிக்கு ஓர் அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் இறங்கினால் நல்லது. ஓர் அங்குலத்துக்கும் குறைவு என்றால் எனக்குப் பயம்தான். ரொம்ப வேகமாக இறங்கினாலும் தண்ணீர் அடிக்கடி விட வேண்டிவரும்.

ஈர மண்ணை உருட்டி, கட்டைவிரலால் நாடா மாதிரி தள்ளிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குள் முறிந்தால் மணற்பாங்கு. இரண்டு அங்குலம் தாண்டி நீண்டால் களி.

கிணற்றுத் தண்ணீரையும் ஆய்வுக்குக் கொடுங்கள். கொறங்காட்டுக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோகப் போவது அந்தத் தண்ணீர்தானே. உப்பு ஏறிய தண்ணீர் நல்ல மண்ணையும் சில வருடத்தில் கெடுத்துவிடும்.

கிளுவைவேலி — செப்டம்பர் 16

கொறங்காட்டை உழுவது என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்று தலைமுறையாக உழாத மேய்ச்சல் நிலம். அந்தப் புல்லும் வேலியும் ஒரு முறை போனால் திரும்ப அமைவது எளிதல்ல. இந்த விதையின் விலை ஒரு வருடம் ஏறும், மறு வருடம் பாதியாக விழும், நானே பார்த்திருக்கிறேன். ஆடு அப்படி இல்லை, வறட்சியிலும் வீட்டைக் காப்பாற்றும்.

ஆடிக்காற்று — செப்டம்பர் 16

அக்கா சொல்வது நியாயம். நான்கு ஏக்கரையும் உழச் சொல்லவில்லை. உழாத மண் என்பதால் அடியில் தட்டு இருக்காது, காய்கறி நோயும் இருக்காது, அது பெரிய சாதகம். ஆனால் கொழுக்கட்டைப்புல்லின் வேர்த்தூரை எடுக்காமல் விட்டால் இரண்டு வருடம் களை எடுத்தே மாளாது. மரத்தை வெட்ட வேண்டாம், மரத்தடி நிழலை விட்டுத் தள்ளிப் போட்டால் போதும். முதலில் ஒரு சின்னத் துண்டு. மூன்று போகம் பார்த்த பிறகு மேலே யோசிக்கலாம்.

முதல்கிழங்கு — அக்டோபர் 28

நேற்று முன்தினம் இரவு நல்ல மழை. இந்த உரையாடல் இழை தூங்கிப் போயிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்.

விடிந்ததும் நானும் அப்பாவும் மூன்று காட்டுக்கும் நடந்தோம். கிணற்றடிக் காட்டில் வடமேற்கு மூலையில் குளம். மதியம் வரை அப்படியே நின்றது. மண்வெட்டி போட்டால் ஒரு சாணுக்குக் கீழே டணார் என்று சத்தம் கேட்கிறது. அப்பா எதுவும் பேசவில்லை.

மேட்டுக்காட்டில் மேலே தண்ணீரே இல்லை, சந்தோஷப்பட்டேன். குழியில் பார்த்தால் சுக்கானுக்கு மேல் அரையடி தண்ணீர் தேங்கி நிற்கிறது. வெளியே தெரியாமல் உள்ளே நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கொறங்காட்டில் நான்கு குழி. வேலியோரம் மணிக்கு இரண்டே கால் அங்குலம், அடுத்த இரண்டும் இரண்டு அங்குலத்தை ஒட்டி, தெற்கே போனதும் ஓர் அங்குலத்துக்கும் கீழே. அங்கே பாறை மேலே வந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் கொடுத்ததில் பி.எச். மேலே 6.8, இரண்டடியில் 7.2. தண்ணீரில் உப்பு அளவுக்குள்தான் இருக்கிறது. மேற்கே பக்கத்துக்காரர் பனை வரிசை காற்றைக் கொஞ்சம் தடுக்கிறது. வண்டிப்பாதை வேலி வரை வருகிறது, ஊரிலிருந்து நடந்தே வரலாம்.

கிழக்கு வேலியை ஒட்டி 40 சென்ட் மட்டும் பிரித்து, உள்பக்கம் ஆட்டுக்கு வேலி போடலாம் என்று முடிவு. அம்மாவும் சரி என்றுவிட்டார். மீதி மூன்றரை ஏக்கருக்கு மேல் மேய்ச்சலாகவே இருக்கும்.

மண்கண்டம் — அக்டோபர் 28

7.2 கொஞ்சம் மேலே இருந்தாலும் பயப்பட வேண்டாம், நுரைக்காத மண். தொழுவுரம் நன்றாகக் கொடுங்கள், நன்கு மக்கியதாகப் பார்த்து. தெற்குக் குழி இருக்கும் பக்கம் பந்தல் நீட்டிவிடாதீர்கள்.

கிளுவைவேலி — அக்டோபர் 29

40 சென்ட் என்றால் எனக்கும் சம்மதம். உள்வேலிக்கும் கிளுவைக் குச்சியே நடுங்கள். இப்போது மண் ஈரமாக இருக்கிறது, ஆடிக்குள் பிடித்துவிடும்.

ஆடிக்காற்று — அக்டோபர் 29

40 சென்டுக்கு 320 கிலோ கிழங்கு தேவைப்படும். காட்டிலிருந்து தோண்டிக் கொண்டுவருபவர்களிடம் வாங்காதீர்கள். அங்கே ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகிறது, நோயும் சேர்ந்து வரும். வளர்ப்பவர்களிடமே வாங்குங்கள். கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும் கிழங்கில் முளை நுனியில்தான் இருக்கும். நுனி உடைந்திருந்தால் எடை எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. 50, 60 கிராமுக்குக் குறையாமல் பொறுக்கி எடுக்க வேண்டும்.

தை முடிந்து எங்கள் காட்டில் கொடி காய்ந்ததும் ஒரு பாத்தி தோண்டுவேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். வரும்போது அந்த வேலியோரக் குழி மண் ஒரு கை கொண்டுவாருங்கள், எனக்கும் பார்க்க வேண்டும்.